சூரியனைக் கண்காணிப்பதால் என்ன லாபம்?

வகுப்பு: 10
பாட இணைப்பு: கணிதம் (நிகழ்தகவு), அறிவியல், சமூக அறிவியல்
நேரம்: ஒரு பாடவேளை

நாணயமும் பகடையும் சுண்டி முடித்தபின், "இது வாழ்க்கையில் எதற்கு உதவும்?" என்று மாணவர்கள் கேட்பது இயல்பே. பழனி மலைத்தொடரில் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைக் கொண்டே இதற்கு விடை கூறலாம்.

பின்னணி

1876-78இல் தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம், 1899இல் இவ்வாய்வகம் அமைய ஒரு காரணமாயிற்று. மழையைக் கணிக்கும் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆனால், நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள், விண்வெளி வானிலையை ஆராய்வோருக்கு அரிய கருவூலமாக உள்ளன.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள்கள் புவியை அடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். அவை புவிகாந்தப் புயலை உண்டாக்கலாம். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 அழிந்தன. காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழகத்தில் மின்தொகுப்பைவிட ஜிபிஎஸ், வானொலித் தொடர்புகளே அதிகம் பாதிக்கப்படக்கூடும். கடலுக்குச் செல்லும் மீனவருக்கும் இது தேவைப்படும் செய்தி.

செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இந்தக் கற்பனைக் கணக்கைக் கொடுக்கவும்:

புயல் தாக்கினால் இழப்பு ரூ.100 கோடி. எச்சரிக்கை கிடைத்ததும் முன்னேற்பாடு செய்தால் செலவு ரூ.10 கோடி, இழப்பு இராது.

1. ஐந்து எச்சரிக்கைகளில் ஒன்று பலிக்கிறது. ஐந்து முறையும் முன்னேற்பாடு செய்தால் செலவு ரூ.50 கோடி. செய்யாவிட்டால் இழப்பு ரூ.100 கோடி. லாபம் ரூ.50 கோடி.
2. இருபதில் ஒன்றே பலிக்கிறது. செலவு ரூ.200 கோடி; தவிர்த்த இழப்பு ரூ.100 கோடி. இங்கு நட்டமே.
3. லாபமும் நட்டமும் இல்லாத நிலை எது? 10/100, அதாவது நிகழ்தகவு 1/10.

கருவியின் விலை மட்டும் முன்னறிவிப்பின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதை மாணவர்களே கண்டறிவர். அது எத்தனை முறை பலிக்கிறது, கேட்டவர் செயல்பட்டாரா என்பவையே முக்கியம். புவியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், 2024 ஜனவரி முதல் சூரியனை நோக்கும் ஆதித்யா-எல்1 போன்ற கலங்கள் கணிப்பின் துல்லியத்தை உயர்த்த உதவுபவை.

கலந்துரையாடல்

"ஒன்பது முறை பொய்த்த புயல் எச்சரிக்கையைப் பத்தாம் முறை நம்பலாமா?" கடலோரப் பள்ளிகளில் இவ்வினாவை எழுப்பினால், மாணவர்கள் தம் ஊர் அனுபவத்திலிருந்தே பேசுவர். உயிரிழப்புக்கு ரூபாயில் மதிப்பிட முடியுமா என்ற கேள்வியும் அங்கே எழும். அதைத் தவிர்க்க வேண்டாம். கணக்கின் எல்லையை உணர்த்த அதுவே ஏற்ற இடம்.

மதிப்பீடு

இழப்பு ரூ.60 கோடி, முன்னேற்பாட்டுச் செலவு ரூ.15 கோடி எனில், எச்சரிக்கை பலிக்கும் நிகழ்தகவு எவ்வளவுக்கு மேல் இருந்தால் செயல்படுவது லாபம்? (விடை: 1/4)

குறிப்பு: சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கி வழியாகவோ நேரடியாகப் பார்க்கக் கூடாது என்பதை வகுப்பில் கட்டாயம் அறிவுறுத்தவும்.