ஐ7 என்று சொன்னால் மட்டும் போதாது

பழைய லேப்டாப்புக்கு வேறு பிராசசர் போட முடியுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பிராசசர் எண்ணின் கடைசி எழுத்தைத்தான். யூ என்று முடிந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அந்தச் சிப் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். எச்க்யூ என்றாலும் அதே கதை. இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் எம், க்யூஎம், நான்காவதில் எம், எம்க்யூ என்று முடிபவைதான் பெரும்பாலும் சாக்கெட்டில் உட்காரும். அதிலும் விதிவிலக்கு உண்டு: திங்க்பேட் எக்ஸ்220இல் எம் சிப்தான், ஆனால் சால்டர் செய்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து வழக்கமான லேப்டாப்புகளில் சாக்கெட்டே போய்விட்டது. ஆகவே 2011 முதல் 2014 வரை வந்த தடித்த அலுவலக லேப்டாப்புகளுக்குத்தான் இந்த வேலை: திங்க்பேட் டி420, டி430, டி440பி, டெல் லேட்டிட்யூட் இ6430 மாதிரி.

இந்த ரகம் மும்பையில் எங்கள் பக்கம் இன்னும் நிறைய ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்டவை கைமாறிக் கைமாறி தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் வரை வந்துவிடும். நைண்டி ஃபீட் ரோடு பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவரிடம் இருந்தது டி430. ஐ5-3320எம் சிப். எஸ்எஸ்டி போட்டாயிற்று, ரேம் 16 ஜிபி வரை ஏற்றியாயிற்று. இந்த இரண்டையும் முடிக்காமல் பிராசசரைப் பற்றி என்னிடம் யாரும் பேசக்கூடாது என்பது என் கட்சி. பத்தில் ஒன்பது பேருக்கு எஸ்எஸ்டியிலேயே குறை தீர்ந்துவிடும். ஆனால் இவருக்குத் தீரவில்லை. “முகூர்த்த மாசத்துல ஒரு வீடியோ ரெண்டர் ஆக விடிய விடிய ஆவுது அண்ணாச்சி. ஒரு ஐ7 போட்ருவோமா?” என்றார்.

ஐ7 என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதே தலைமுறையில் ஐ7-3520எம் என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஐ7, உள்ளே ஐ5 போலவே இரண்டு கோர். காசு கொடுத்து அதை மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அவருக்கு வேண்டியது ஐ7-3632க்யூஎம்: நான்கு கோர், எட்டு த்ரெட். இதன் அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ்தான், பழைய ஐ5இல் 2.6. அதனால் பிரௌசரோ டேலியோ ஒரு நொடிகூட வேகமாகத் திறக்காது. பல கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையில் மட்டுமே பலன்.

சிப் வாங்கப் போகும் முன்பு எடிட்டிங் சாஃப்ட்வேரில் குயிக் சிங்க் இருக்கிறதா என்று பார்த்தோம். இது இன்டெல் கிராஃபிக்ஸுக்குள்ளேயே இருக்கும் வீடியோ என்கோடர். இரண்டு சிப்பிலும் எச்டி 4000 கிராஃபிக்ஸ்தான், ஆகவே குயிக் சிங்க் போதுமென்றால் பிராசசர் மாற்றவே தேவையில்லை. அதில் வரும் படத்தின் தரம் தம்பிக்குப் பிடிக்கவில்லை. பட்டுப்புடவைச் சரிகை மங்குகிறது என்றார். கலர், எஃபெக்ட் எல்லாமே எப்படியும் பிராசசர் தலையில்தான் விழுகின்றன. சரி, மாற்றிவிடலாம் என்று முடிவானது.

சிப்புக்கு லேமிங்டன் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பலகை சொல்லும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. லேபர் கேம்ப்பிலிருந்து போகிறவர்கள் மாட்டுங்கா ரோட்டில் சர்ச்கேட் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினால் போதும். கடையில் விலை பேசும் முன்பு சிப்பைத் திருப்பிப் பாருங்கள். இந்த வகையில் பின்கள் சிப்பிலேயே இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம். மேலே எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்க வேண்டும். க்யூவில் தொடங்கினாலோ, ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று அச்சிட்டிருந்தாலோ அது விற்பனைக்கு வந்த சிப் அல்ல, சோதனைக்குச் செய்த மாதிரி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கடைக்காரர் 45 வாட் சிப்பைக் காட்டி, இதுதான் இன்னும் வேகம், விலையும் குறைவு என்றார். இருக்கலாம். நம் ஐ5 35 வாட், 3632க்யூஎம்மும் 35 வாட். இருக்கிற விசிறியும் ஹீட்சிங்கும் அதற்குத்தான் பழகியவை.

மும்பையில் இந்தப் பத்து வாட் பெரிய விஷயம். ஏசி இல்லாத மாடி அறை, மேலே தகரக் கூரை, மே மாதம். சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் 45 வாட்டுக்குக் கொடுத்த காசுக்கு என்ன அர்த்தம்? தம்பியின் விசிறிக்குள் பஞ்சு மாதிரி தூசி அடைந்திருந்தது. அதை எடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது என்பேன்.

பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, லெனோவோவின் பராமரிப்புக் கையேட்டில் உள்ள வரிசைப்படி கழற்ற வேண்டும். அந்தக் கையேடு இலவசம், எந்த ஸ்க்ரூ எங்கே என்பதுவரை படத்தோடு இருக்கும். சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு, அதை அரைச்சுற்று திருப்பினால் சிப் தளரும். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்துப் புதியதை வைக்கவும். தானாக உட்கார வேண்டும், விரலால் அழுத்தக்கூடாது. லேப்டாப் சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது. ஹீட்சிங்கைச் சாய்த்து இறுக்கினால் ஓரம் உடையும். அதனால் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் மெலிதாகப் பரவினால் போதும், அப்ப வேண்டாம்.

அதே வீடியோவை ரெண்டர் செய்து பார்த்ததில் முன்பு ஆன நேரத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல்தான் ஆனது. பேட்டரியும் விசிறிச் சத்தமும் முன்பு போலவே.

இதைக் கேள்விப்பட்டு செம்பூரிலிருந்து கணக்கு எழுதும் ஓர் அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பிராசசர் மாற்றினால் 11 ஏறுமா என்பது அவர் கேள்வி. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்து. அவர் லேப்டாப்பின் சாக்கெட்டில் எதைப் போட்டாலும் மூன்றாம் தலைமுறையைத் தாண்டாது. “அப்போ இதுக்குச் செலவே பண்ண வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். ஆமாம் என்றேன். டேலி போட எட்டாம் தலைமுறை பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லி, இதிலிருந்த எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். அதை ஒரு யுஎஸ்பி கேசில் போட்டு பேக்கப்புக்கு வைத்திருக்கிறார்.