வெல்லத்துக்கும் ஈரலில் கணக்கு உண்டு

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2' என்று இருந்தது. "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்றார் டாக்டர். சொட்டுகூடத் தொட்டதில்லை. பாரம்பரிய அரிசி, நாட்டுச்சர்க்கரை என்று வாழ்கிறவனுக்கு இது எப்படி வரும்? நம்மில் பலருக்கும் இந்த மயக்கம் இருப்பதால் எழுதுகிறேன்.

பிரான்சில் வாத்துகளுக்குக் குழாய் வைத்து மக்காச்சோளத்தைத் திணிப்பார்கள். இரண்டு வாரம் போல. ஈரல் பல மடங்கு பருத்து, வெளுத்து, கொழுப்பேறிவிடும். அதை விருந்துகளில் பெரிய விலை கொடுத்துத் தின்கிறார்கள். கவனிங்க, வாத்துக்கு ஊட்டியது சாராயம் இல்லை, தானியம்.

நம் உடம்பிலும் அதே வேலைதான். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸில் சுமார் 100 கிராமைத்தான் கல்லீரல் கிளைகோஜனாக வைத்துக்கொள்ளும். அது சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுக்காமல் போட்டுக்கொண்டே போனால் மிச்சம் கொழுப்பாகும். இனிப்பு இன்னும் மோசம். வெள்ளைச் சர்க்கரையோ வெல்லமோ, பெரும்பகுதி சுக்ரோஸ். அதில் பாதி பிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். ரசாயனம் போடாத கரும்பு மண்ணுக்கு நல்லது, ஆனால் ஈரலுக்கு அதுவும் சர்க்கரைதான். வெல்லம் விற்கிற நானே இதை எழுத வேண்டியிருக்கு.

கல்லீரல் செல்களில் 100-க்கு 5-க்கு மேல் கொழுப்பு தேங்கினாலே நோய்தான். வலிக்காது. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். சிலருக்கு வீக்கம், பிறகு தழும்பு, கடைசியில் சிரோசிஸ் வரை போகும். தொப்பை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவசியம் பார்த்துக்கொள்ளுங்க. கீழாநெல்லி குடிக்கிறோமே என்று பரிசோதனையை விட்டுடாதீங்க.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் தணியும். ஒரேயடியாகப் பட்டினி வேண்டாம். கன்று போட்ட கறவை மாடு தீனி எடுக்காமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலுக்குப் பாய்வதைக் கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். வேகமாக இளைத்தால் மனுஷனுக்கும் அந்த ஆபத்து உண்டு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சோற்றைக் குறைக்கணும்.

"காட்டில்தானே கிடக்கிறோம், உழைப்பு போதாதா?" என்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். வரப்பில் நின்று ஆளை வேலை வாங்கியது உழைப்பில் சேரவில்லை. களைக்கொத்தை நானே எடுத்தேன். சோறு பாதி, கீரையும் மொச்சையும் மீதி. ஜூஸை விட்டுப் பழமாகவே தின்றேன். நாளைக்கு நாலு வெல்ல டீ குடித்தவன், இப்போது இனிப்பில்லாமல் குடிக்கிறேன். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரிதான் இருந்தது.

ஏழு மாதத்தில் 82 கிலோ 76 ஆனது. ஸ்கேனில் கிரேடு 1. அடுத்த ஸ்கேன் தை மாதம்.