கறித் துண்டு யார் தட்டுக்குப் போகிறது?

கேள்வி: ஆரியசாலையில் குடியிருக்கிறோம். மாமனார், மாமியார், கணவர், நான், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். ஞாயிறு காலை சாலைக் கம்போளத்தில் ஒரு கிலோ கோழி வாங்கினால் மத்தியானத்தோடு சட்டி காலி. மாதத்தில் ஒரு தடவை அரைக் கிலோ ஆட்டுக்கறி. இதற்கு மேல் செலவு செய்ய வசதியில்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் சைவம். வியாழன் வந்தால் பிள்ளைகள் கறி கேட்கிறார்கள். தண்ணீர் விட்டுக் குழம்பைக் கூட்டினால் ருசி போய்விடுகிறது. நான் சாப்பிட உட்காரும்போது வெறும் குழம்புதான் மிஞ்சியிருக்கும், அது பரவாயில்லை. அதே பணத்தில் வாரம் மூன்று நாள் கறி சமைக்க வழி உண்டா? எலும்புச் சாறு குடித்தாலே கறியின் சத்தெல்லாம் கிடைத்துவிடும் என்கிறார் மாமியார். சரிதானா?
வாசகி, ஆரியசாலை, திருவனந்தபுரம்

பதில்: வழி உண்டு. ஆனால் 'அது பரவாயில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. கேரளத்தின் நிலை இதைவிட மேல், என்றாலும் இங்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும், பெண்ணுக்கோ 29 வேண்டும். அதிகம் தேவைப்படுகிறவர் கடைசியில் உட்கார்ந்து வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார். ஆகவே எத்தனை நாள் கறி என்பதோடு, யார் தட்டில் எவ்வளவு என்பதையும் சேர்த்தே திட்டம் போடுவோம்.

வாங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். 'ஒரு கிலோ' என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பணத்துக்கு என்னென்ன சேர்த்து வாங்கலாம் என்று பாருங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டனில் 1940 மார்ச்சில் இறைச்சிக்கு ரேஷன் வந்தபோது, ஆளுக்கு இத்தனை எடை என்று வைக்கவில்லை, இத்தனை பணத்துக்கு என்றுதான் வைத்தார்கள். விலை குறைந்த பகுதியைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டுக்கு அதிகம் கிடைத்தது. 1954 ஜூலை வரை அந்த முறை நீடித்தது. உங்கள் வீட்டுக்கு முக்கால் கிலோ கோழியும் மிச்சப் பணத்துக்குக் கோழி ஈரலும் வாங்கலாம். ஈரலின் விலை எப்போதும் குறைவு. நூறு கிராமில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மிளகும் சின்ன உள்ளியும் போட்டு வதக்கினால் ஞாயிறு காலை தோசைக்கே தொட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவுக்கு மேல் சாப்பிடக் கூடாது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கோழியை வெட்டும்போது மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தொடையும் காலும் ஒரு பொதி. எலும்பெடுத்த நெஞ்சுக்கறி ஒரு பொதி, அது ஏறக்குறைய கால் கிலோ வரும். முதுகு, கழுத்து, நெஞ்செலும்பு எல்லாம் மூன்றாவது பொதி. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வெட்டித் தந்துவிட்டால் அதோடு உங்கள் மூன்று நாளும் ஒரே நாளாகிவிடும்.

முதல் பொதி ஞாயிற்றுக்கிழமைக்கு. தேங்காய் வறுத்தரைத்த குழம்புதான் வையுங்கள், ஞாயிறு ஞாயிறாக இருக்கட்டும். துண்டு சின்னதாக இருக்கட்டும். கூட வாழைக்காயோ சேனையோ முருங்கைக்காயோ போடலாம். கறி பாதி வெந்த பிறகு காயைப் போடுங்கள். அது குழம்பையும் நெய்ப்பையும் இழுத்துக்கொண்டு வெந்துவரும். தண்ணீர் விட்டுப் பெருக்குவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

எலும்புப் பொதிக்கு வருகிறேன். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சாறு நல்லதுதான், ஆனால் கறிக்கு ஈடாகாது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து தண்ணீரில் அதிகம் கரையாது. சாற்றில் இறங்குவது கொஞ்சம் புரதமும் நிறைய ருசியும். அந்த ருசிக்குச் சத்துள்ள துணை ஒன்று வேண்டும். பருப்பைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. எலும்பை ஞாயிறு மத்தியானமே இஞ்சி, மஞ்சள், மிளகு தட்டிப் போட்டு வேகவிட்டு, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். திங்களன்று அதே சாற்றில் துவரம்பருப்போ கடலைப்பருப்போ வேகவைத்து, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டால் தால்ச்சா. பிரியாணிக்குப் பக்கத்தில் பரிமாறுகிற பண்டம் என்றே அதை நினைத்துவிட்டோம். வெறும் சோற்றுக்கு அதுவே முழுச் சாப்பாடு. நூறு கிராம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு. எலும்பில் ஒட்டியிருக்கிற கறியை உதிர்த்து உள்ளே போட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறியை எட்டவைப்பது என்ற பெயரில் எதைச் சேர்த்தாலும் சரி என்று ஆகிவிடாது. சிலது வயிற்றை நிரப்பும், சிலது சத்தையும் கூட்டும். உங்கள் ஊர் மரச்சீனியையே பாருங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை மக்களிடம் பரப்பினார். 1942இல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியதும் அந்தக் கிழங்குதான். 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீகாரியத்தில்தான் இருக்கிறது. இத்தனை பெருமை இருந்தும் மரச்சீனியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். கால் கிலோ கறியை ஒரு கிலோ மரச்சீனியில் கலந்து ஆறு பேருக்குக் கொடுத்தால் வயிறு நிறையும், பிள்ளை வளர அது போதாது. பருப்பு, பயறு, முட்டை, சோயா உருண்டை இவைதான் கறியோடு சேர்ந்து வேலை செய்யும் துணைகள்.

இன்னொரு நன்மையும் உண்டு. கீரை, பருப்பில் இருக்கும் இரும்பில் மிகச் சிறு பங்கைத்தான் நம் உடல் எடுத்துக்கொள்ளும். அதே வேளையில் கொஞ்சம் இறைச்சியும் சேர்ந்து உள்ளே போனால் அந்தப் பங்கு கூடுகிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும்கூட அதே உதவியைச் செய்கின்றன. அதனால்தான் ஒரே நாளில் ஒரு கிலோவைத் தீர்ப்பதைவிட, மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்போடும் கீரையோடும் சாப்பிடுவது உடம்புக்கு லாபம். சாப்பிட்ட கையோடு சாயா குடிப்பது இந்த லாபத்தைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மிச்சமிருக்கும் நெஞ்சுக்கறி வியாழனுக்கு. அதை ஞாயிறன்றே, சமைக்கத் தொடங்கும் முன், தட்டையாகப் பொதிந்து உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் கீழ்த்தட்டில் கிடந்ததைச் செவ்வாயன்று மேலே ஏற்றுவதில் பயனில்லை. புதன் இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். அப்போது பொடியாகக் கொத்திக்கொள்ளுங்கள். கொத்திய கறி சீக்கிரம் கெடும், கொத்திய அன்றே அடுப்பில் ஏற வேண்டும். ஐம்பது கிராம் சோயா உருண்டையைச் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, அதையும் பொடித்துச் சேருங்கள். நூறு கிராம் சோயாவில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம். பச்சைப் பட்டாணி, உள்ளி, தக்காளி, பெருஞ்சீரகம் சேர்த்துச் சுருள வதக்கினால் கொத்துக்கறி. சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் ஆகும். மரச்சீனியோடுதான் வேண்டும் என்றால் அப்படியே ஆகட்டும். கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் நச்சுப்பொருள் இறங்கியிருக்கும். பக்கத்தில் சிறுபயறுத் தோரன் ஒன்று வைத்துவிட்டால் குறை தீர்ந்தது.

உங்கள் வீட்டுக்கு நான் கொத்துக்கறியைச் சொல்லக் காரணம் உண்டு. குழம்பில் துண்டைப் பொறுக்கி எடுக்கலாம், முதலில் உட்காருகிறவருக்குத் தொடை கிடைக்கும். கொத்துக்கறியில் அது நடக்காது. கடைசிக் கரண்டியிலும் முதல் கரண்டியில் இருந்த அதே கறி இருக்கும். பல் தேய்ந்த மாமனாருக்கும் மெல்ல எளிது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மட்டும், பரிமாறும் முன்பே ஆறு பேருக்கும் பங்கு வைத்து, உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். முடிந்தால் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். யாருக்காவது சங்கடமாக இருந்தால் மேலே சொன்ன 29 மில்லிகிராம் கணக்கைச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னார் என்றாலும் தவறில்லை.

கெடாமல் வைப்பது பற்றிக் கொஞ்சம். திருவனந்தபுரத்து வெயிலில் சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு இன்னும் சீக்கிரம் புளிக்கும். இரவுக்கு வேண்டியதைத் தேங்காய் சேர்க்கும் முன்பே தனியே எடுத்துவிட்டால் கவலையில்லை. சூடாக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக்கு எழுந்தருளும் நாட்களில் உங்கள் வீட்டிலும் அசைவம் நிறுத்துவீர்கள் என்றால், அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்துப் பிந்திய வாரத்தில் ஆட்டுக்கறி கூட வாங்கலாம்.

அந்த மாதாந்திர ஆட்டுக்கறி அரைக் கிலோவுக்கும் இதே முறைதான். ஆட்டில் எலும்பின் பங்கு கணிசம் என்பதால், முன்தொடையில் எலும்போடு முந்நூறு, தனியே கொத்தியது இருநூறு என்று கேளுங்கள். கொத்தியது முருங்கைக்கீரையோடு அன்றே, எலும்புள்ளது பருப்போடு இன்னொரு நாள். கீரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள்.