உயிர்பெற மறுக்கும் பழைய இயந்திரம்

ஜார்ஜ் டவுன் சாலைகளில் எப்போதாவது ஒரு மோரிஸ் மைனர் கடந்து போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ‘பி’ எழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண்ணும் உருண்டை முகமுமாக, நம் தாத்தா காலத்திலிருந்து நேரே வந்ததுபோல் இருக்கும். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்த மகிழுந்தை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியைப் படைத்தவரும் அவரே. (பட்டறைகளில் ‘மகிழுந்து’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லாமே காடிதான்.)

1952 முதல் மைனருக்குள் அமர்ந்தது ஏ-சீரிஸ் என்னும் இயந்திரம். முதலில் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி என்று அது வளர்ந்தது. 1951இல் ஆஸ்டின் ஏ30இல் பிறந்த இந்த இயந்திர வகை, 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி நிற்கும் வரை வாழ்ந்தது. ஆகவே உதிரிப்பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. பிரித்துப் புதுப்பிக்கவும் பலர் துணிகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிலிண்டர்களைக் கடைந்து, புது பிஸ்டன் வளையங்கள் போட்டு, பச்சை வண்ணம் பூசி, காடிக்குள் இறக்கி வைத்தால் அது உயிர்பெற மறுக்கிறது.

அந்த நேரத்தில் உரிமையாளர் செய்யும் முதல் காரியம், ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் இயக்குவது. இதுதான் மிகப் பெரிய ஆபத்து. புது கேம் தண்டில் பூசிய மசகு, இயந்திரம் ஓடாமல் வெறுமனே சுழலச் சுழல வழிந்து போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஓட்டத் தொடங்குமுன்பே புது இயந்திரம் தேய்ந்துவிடலாம். ஆகவே இரண்டு மூன்று முயற்சிகளுக்குப் பிறகு கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

எந்த இயந்திரத்துக்கும் எரிபொருள், அழுத்தம், பொறி ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். நேற்று வரை ஓடி இன்று நின்றுவிட்ட காடியில் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கும். பிரித்துப் பூட்டிய காடியிலோ பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. பூட்டிய கை எங்கோ இடம் மாற்றியிருக்கும். ஆகவே ‘எது கெட்டது?’ என்று கேட்பதைவிட ‘எதைத் தொட்டோம்?’ என்று கேட்பதே நம்மை விரைவில் விடைக்குக் கொண்டு செல்லும்.

கை அதிகம் தவறும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர். இதைப் புரிந்துகொள்ள நான்கு வீச்சுகளை நினைவுபடுத்திக் கொள்வோம். இடைநிலைப்பள்ளியில் ‘லெஜாங்’ என்று மலாயில் படித்தோமே, அதேதான்: உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம். இந்த நான்கும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுகிறது. அதாவது முதல் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை அழுத்தத்தின் முடிவில், மறுமுறை வெளியேற்றத்தின் முடிவில். கப்பியில் உள்ள குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். கேம் சக்கரத்தின் புள்ளியும் கிராங்க் சக்கரத்தின் புள்ளியும் நேருக்கு நேர் நிற்பதைப் பார்த்து, முதல் சிலிண்டர் வெடிக்கத் தயார் என்று நம்பிவிடக் கூடாது. அந்த நிலையில் ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் சேர்ந்தே உச்சியில் இருக்கின்றன. 

தவறான உச்சியில் டிஸ்ட்ரிபியூட்டரை இயக்கும் பற்சக்கரத் தண்டை இறக்கினால், பொறி சரியாக அரைச் சுற்று தப்பிவிடும். பொறி இருக்கும், பெட்ரோல் இருக்கும், அழுத்தமும் இருக்கும். ஆனால் உறிஞ்சு வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் பொறி விழும். கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று திரும்பி வெடிக்கும், அல்லது புகைக்குழாயில் வெடிக்கும்.

என் மாமா ஒருவரின் 1098 சிசி மைனருக்கு இதுதான் நேர்ந்தது. புதுப்பித்துக் கொடுத்த பட்டறை, வால்வில் கோளாறு இருக்கலாம், இயந்திரத்தை மறுபடி வெளியே எடுக்க வேண்டும் என்றது. அதற்கான கூலியும் தனி. அக்கம்பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து ஒரே ஒரு முறை சுழற்றச் சொல்லிக் கேட்டார். “கழட்ட வேணாம் தம்பி. இஞ்சின் நல்லாதான் இருக்கு. நேரம் தப்பிப் பேசுது, அவ்வளவுதான்” என்றார்.

அவர் செய்து காட்டிய சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பொறியை அணைத்தபடி கைப்பிடியால் இயந்திரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். நான்காம் சிலிண்டரின் ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கும்போதே மற்றது திறக்கத் தொடங்கும். இரண்டும் தராசுத் தட்டுகளைப் போல் அசையும். அந்த நொடியில் முதல் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே சுழலும் ரோட்டர் முதல் பிளக்கின் கம்பியை நோக்கி நிற்க வேண்டும். மாமாவின் காடியில் அது நேர் எதிரே, நான்காம் பிளக்கின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து என்ன? ஏ-சீரிஸில் பொறி விழும் வரிசை 1-3-4-2. ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அந்த வட்டத்தில் 1க்கு எதிரே 4, 3க்கு எதிரே 2. எனவே மூடியில் 1, 4 கம்பிகளையும் 2, 3 கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினால் போதும். ஐந்து நிமிட வேலை. தண்டை எடுத்து முறையாகத் திருப்பிப் பூட்டுவது அழகுதான் என்றாலும், பிறகு ஓய்வாகச் செய்யலாம்.

பொறியே இல்லை என்றால் கதை வேறு. உதிரி பிளக் ஒன்றைக் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள் (பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில்!). பொறி வராவிட்டால் பாயிண்டைப் பார்க்க வேண்டும். அதன் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். பூட்டும்போது சிறிய காப்பு வளையம் ஒன்று இடம் மாறினால், மின்சாரம் நேராகத் தரையிறங்கி விடும். பாயிண்ட் திறந்தாலும் பயனில்லை. அடுத்தது ரோட்டர். புதிதாக வாங்கிய சில ரோட்டர்களில் ஆணி அதிகமாக நீண்டு, உயர் மின்னழுத்தத்தைத் தண்டுக்குள் கசியவிடுகிறது. புதிது என்பதாலேயே ஒரு பாகத்தை நம்பக் கூடாது. பழைய ரோட்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர் புத்திசாலி. மைனர் நேர்மின் தரை கொண்ட காடி என்பதையும் இக்கால மெக்கானிக்குகள் மறந்துவிடுகிறார்கள். காயிலைத் தலைகீழாக இணைத்தால் பொறி வரும், ஆனால் வலுவிழந்து வரும்.

வண்ணம் பூசிய அழகே பகையாவதும் உண்டு. தரைப்பட்டையின் அடியில் பெயின்ட் இருந்தால் மின்சாரம் தடைபட்டு ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றும். சுரண்டினால் சரியாகிவிடும்.

எரிபொருள் பக்கம் எளிது. சாவியைத் திருப்பியதும் மின்பம்பு ‘டிக் டிக்’ என்று சில முறை தட்டிவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் தட்டினால் தொட்டியில் எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ கசிகிறது. தட்டவே இல்லையென்றால் பம்பின் தொடுமுனைகள் அழுக்கடைந்திருக்கும். அழுத்தம் குறைவாக இருந்தால் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர். அதைவிட இறுக்கமாக வைத்துவிட்டால் வால்வு முழுமையாக மூடாது.

மாமாவின் மைனர், கம்பிகளை மாற்றிய பிறகு இரண்டாவது சுழற்சியிலேயே உறுமியது. மெக்கானிக் அதைச் சும்மா ஓட விடவில்லை. புது கேம் தண்டு படிய வேண்டும் என்று நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் இருபது நிமிடம் பிடித்து வைத்தார். அதுவரை அவர் கண்கள் எண்ணெய் அழுத்த விளக்கை விட்டு நகரவில்லை. பிறகு அணைத்து, முழுதும் ஆறவிட்டு, சிலிண்டர் தலையின் நட்டுகளை மறுபடி இறுக்கி, எட்டு வால்வுகளின் இடைவெளியையும் மீண்டும் அளந்தார்.