முதல் கோட்: லண்டனுக்கு ஒன்று, டொராண்டோவுக்கு ஒன்று

செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போகிறவரும் டொராண்டோவுக்குப் போகிறவரும் ஊரிலேயே ஒரே மாதிரியான தடித்த கோட்டை வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொள்கிறார்கள். இறங்கிய வாரம் அது இருவருக்குமே வேண்டியிருக்காது. அந்த மாதம் இரண்டு நகரங்களிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியிருக்கும். ஊட்டிப் பகல் பழகியவருக்கு முழுக்கைச் சட்டையே போதும். அதற்குப் பிறகு இரண்டு ஊர்களும் இரண்டு வழியில் போகின்றன. நவம்பரில் லண்டனின் பகல் 11, 12 டிகிரிக்கு மெல்ல இறங்கும். டொராண்டோ அதைவிட வேகமாகக் குளிர்ந்து, இரவில் உறைநிலையைத் தொட்டுவிடும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். லண்டனில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் பெய்கிறது. சென்னையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் லண்டன் தன் பங்கை நூறு நாட்களுக்கு மேல் தூறலாகத் தூவிக்கொண்டிருக்கும். குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவைக்கிற மழை அது. ஆகவே இலையுதிர் கால அலமாரியை நிறத்திலிருந்தோ அந்த ஆண்டின் மோஸ்தரிலிருந்தோ தொடங்க வேண்டாம். முதலில் கோட். எதைத் தடுக்க வேண்டும், நீரையா குளிரையா என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நீரைத் தடுக்க, லண்டன்வாசிக்கு டிரெஞ்ச் கோட்டை மிஞ்சி ஒன்றுமில்லை. 1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். நீர் உள்ளே வரவில்லை. உடம்பின் வியர்வையும் வெளியே போகவில்லை. அந்தப் புழுக்கத்துக்கு விடை சொன்னவர் தாமஸ் பர்பெரி. நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்காப்பு ஏற்றி, பிறகு நெருக்கமாக நெய்த கபர்டீன் துணியை 1879-இல் உருவாக்கினார். தூறல் அதன் மேல் உருண்டு ஓடிவிடும், காற்றோ உள்ளே போய்வரும். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அணிந்ததால் டிரெஞ்ச் கோட் என்ற பெயர் நிலைத்தது. பிரபல முத்திரைக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. துணி நெருக்கமான பருத்தியா, முழங்காலைத் தொடுகிறதா, உள்ளே ஒரு ஸ்வெட்டருக்கு இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். டொராண்டோவில் இதே கோட் அக்டோபர் பாதிவரை தாங்கும். அதற்குப் பிறகு கழற்றி மாட்டும் உள்துணி இல்லாமல் நடக்காது.

பிரிட்டனில் இன்னொரு கோட்டும் கண்ணில் படும்: மெழுகேற்றிய பருத்தி. 1894-இல் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் தொடங்கிய பார்பர் நிறுவனம் இதற்குப் பேர்போனது. அழகான துணி, ஆண்டுகள் போகப் போக இன்னும் அழகாகும். ஆனால் வாஷிங் மெஷினில் போடக்கூடாது; அவ்வப்போது மறுபடி மெழுகேற்ற வேண்டும்; நெரிசலில் பக்கத்தில் நிற்பவரின் வெளிர்நிறச் சட்டையில் ஒட்டவும் செய்யும். நாயோடு வயல்வரப்பில் நடப்பவருக்கான உடை இது. தினமும் சுரங்க ரயிலில் போகும் மாணவருக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

டொராண்டோவுக்குக் கம்பளிக் கோட். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சிறு மழையையும் முதல் பனித்தூவலையும் அதனால் பொறுத்துக்கொள்ளும். இந்த வகையின் உச்சம் ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், தீவுவாசிகள் தங்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்த துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று 1993-இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டைப் பார்த்தவருக்கு அந்தத் துணியின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாதாரணக் கம்பளிக் கோட் வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் துண்டைப் படியுங்கள். கம்பளி 70 சதவீதத்துக்கு மேல் இருந்து, மிச்சம் நைலான் என்றால் நல்லது, நைலான் உறுதி தரும். பாதிக்குப் பாதி பாலியெஸ்டர் என்றால் தோற்றம் மட்டும்தான் மிஞ்சும்.

இறகு அடைத்த கோட் டிசம்பருக்கானது. நனைந்தால் இறகு சுருங்கி வெப்பம் காக்கும் திறனை இழந்துவிடும் என்பதால் லண்டன் தூறலுக்கு அது பொருந்தாது. டொராண்டோக்காரர் அங்கே போய், குளிரை ஒருமுறை உணர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கோட்டுக்கு உள்ளே வருவோம். புதிதாகப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வெளியே 6 டிகிரி, வகுப்பறையிலும் பேருந்திலும் ஹீட்டர் போட்டு 20-க்கு மேல். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டவருக்கு அதைக் கழற்றவும் முடியாது, உட்காரவும் முடியாது. மெல்லிய அடுக்குகளே உதவும்: பருத்தி பனியன், மேலே மெரினோ ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட். காஷ்மீர் கம்பளி இன்னும் மென்மைதான். ஆனால் ஒரு ஆடு ஆண்டுக்குத் தருவது சில நூறு கிராமுக்குள். விலை மலிந்த காஷ்மீரில் குட்டை இழைகளே இருக்கும், சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரளும். அந்தப் பணத்துக்கு நல்ல மெரினோவில் இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம். அக்ரிலிக் மலிவு, துவைக்க எளிது. புழுக்கமும் வியர்வை வாடையும் கூடவே வரும்.

காலணியை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோகலாம். ஐரோப்பியக் கடைகளுக்குத் தோல் காலணி தைத்து அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நம்மிடம்தான் இருக்கின்றன. ரப்பர் அடியுள்ள, கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் இரண்டு நகரங்களுக்கும் பொருந்தும். கேன்வாஸ் ஷூவும் மெல்லிய ஸ்வேடும் முதல் மழையிலேயே கைவிட்டுவிடும்.

நிறம் கடைசியில். கரோல் ஜாக்சன் 1980-இல் எழுதிய ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ மனிதர்களின் தோல் நிறத்தை நான்கு பருவங்களாகப் பிரித்தது. ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் பெரும்பாலும் ‘குளிர்காலம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டது. அதை நம்பிக் கறுப்பும் சாம்பலும் மட்டும் வாங்கிக் குவிப்பது பெரிய இழப்பு. இலையுதிர் காலத்து நிறங்கள் என்று கடைகள் அடுக்கும் அரக்கு, கடுகு மஞ்சள், துரு நிறம், பாட்டில் பச்சை எல்லாம் நம் பட்டுப்புடவைக் கடைகளில் காலங்காலமாகப் புழங்குபவை. மாநிறத்திலும் கருநிறத்திலும் அவை எப்படி எடுபடும் என்பதற்கு வீட்டுக் கல்யாண ஆல்பமே சாட்சி. கோட் கருநீலமாகவோ அடர்பழுப்பாகவோ இருக்கட்டும், எதோடும் சேரும். ஸ்வெட்டரிலும் கழுத்துத் துண்டிலும் அந்த அரக்கும் கடுகும் வரட்டும்.

கையில் பணம் குறைவென்றால் கோட்டைப் பழையதாக வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. லண்டனில் தர்ம நிறுவனங்கள் நடத்தும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு, டொராண்டோவில் வேல்யூ வில்லேஜ். வாங்குமுன் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்துப்பூச்சி ஓட்டைகளைத் தேடவும். அக்குள் பகுதி உள்துணியைத் தடவிப் பார்க்கவும். தோள் தையல் தோள் எலும்பிலேயே நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கவும். கை நீளத்தையும் பொத்தானையும் எந்தத் தையல்காரரும் சரிசெய்துவிடுவார்; தோளை மாற்றித் தைக்கும் கூலியில் இன்னொரு கோட்டே வாங்கிவிடலாம்.