இலவச சட்ட உதவி யாருக்கு?

எட்டாம் வகுப்பில் ‘நீதித்துறை’ பாடம் நடத்தும்போது இந்தக் கேள்வியைக் கேட்டால், “ஏழைகளுக்கு” என்றுதான் பதில் வரும். அரசமைப்புச் சட்டத்தின் 39அ பிரிவைச் சொல்லி நகர்ந்துவிட்டால் அந்தப் பதில் அப்படியே தங்கிவிடும். ஆகவே, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை எளிய தமிழில் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர், பேரிடரில் சிக்கியோர், கொத்தடிமைகளாக இருந்தோர் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத்தான் உண்டு.

பிறகு குழுக்களுக்குச் சூழல் அட்டை ஒன்று தருகிறேன்: ‘கணவருக்கு நல்ல சம்பளம். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கேட்க விரும்புகிறார். அரசு வழக்கறிஞர் அமர்த்தித் தருமா?’ பெரும்பாலும் “தராது, கணவருக்குத்தான் சம்பளம் இருக்கிறதே” என்பார்கள். நாம் குறுக்கிட வேண்டாம். கரும்பலகையை மறுபடி படித்து அவர்களே திருத்திக்கொள்வார்கள். வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னால் போதும்.

“மனு எழுதத் தெரியலைன்னா, டீச்சர்?” என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். வாயால் சொன்னால் அலுவலகத்திலேயே எழுதிக்கொள்வார்கள், கைரேகை வைக்கலாம் என்றேன். யாருக்காகக் கேட்கிறாய் என்று வகுப்பில் வைத்து நான் விசாரிக்கவில்லை, நீங்களும் விசாரிக்காதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பற்றிச் சொல்லி, 15100 என்ற உதவி எண்ணை வகுப்பு முழுவதையும் குறிப்பேட்டில் எழுதச் செய்தேன்.