அணிக் கணக்கும் அடுத்தவர் எஞ்சினும்

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு, "அப்பா, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கணும்" என்பதுதான். நம் சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டிலும் இதே பேச்சு. சிவில் படிக்கும் மகனின் புராஜெக்டுக்காக அறுபதாயிரம் ரூபாய்க்குத் தவணையில் லேப்டாப் எடுக்க இருந்தார். வாங்குமுன் ஒரு முறை பாருங்கள் என்று என்னிடம் அனுப்பினார். பழைய லேப்டாப்பில் எந்தக் குற்றமும் இல்லை. கணக்கை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கோளாறு. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மற்ற வீடுகளுக்கும் பயன்படும்.

பையனின் புராஜெக்ட் ஓர் இரும்புச் சட்டப் பாலம். கம்பிகள் சந்திக்கும் மூட்டுகள் 400. ஒவ்வொரு மூட்டும் மூன்று திசையில் நகரலாம். ஆக, தெரியாத எண்கள் 1200, சமன்பாடுகளும் 1200. இவற்றின் கெழுக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினால் வருவதுதான் அணி, பிள்ளைகள் சொல்லும் மேட்ரிக்ஸ். 1200 வரிசை, 1200 நிரல். டிப்ளமோவில் நாங்கள் படித்தபோது இவ்வளவு பெரிய கணக்கைக் கையால் தொடவே முடியாது. ஹார்டி கிராஸ் 1930ல் சொன்ன பகிர்வு முறையில் சிறிய சட்டங்களோடு நிறுத்திக்கொள்வோம்.

இத்தனை சமன்பாடுகளைத் தீர்க்க எவ்வளவு வேலை? அணியின் அளவை மூன்று முறை பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் தோராயமான விடை: சுமார் 115 கோடிப் பெருக்கல், கூட்டல். பையன் பைதான் மொழியில் லிஸ்ட் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுழற்சி எழுதியிருந்தான். பாடப்புத்தக முறைப்படி எல்லாம் சரி. ஒரு முறை தீர்க்க ஒரு நிமிடம். ஆனால் ரயில் பாலத்தில் நாற்பது இடங்களில் நிற்பதாகக் கொண்டு நாற்பது முறை தீர்த்தான். முக்கால் மணி நேரம் போயிற்று.

கணினியின் கணக்குப் பகுதி வேகமானது. அதற்கு எண்ணைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் மெதுவாக நடக்கும் வேலை. நம் பஜார் ரோட்டுப் பாண்டிகசாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகு மூட்டை பின்கட்டில் இருக்கிறது, சலிக்கும் மேஜை முன்கட்டில். ஒரு கைப்பிடி மிளகுக்காக ஒவ்வொரு முறையும் பின்கட்டுக்கு நடந்தால் பொழுது நடையிலேயே போய்விடும். கெட்டிக்காரத் தொழிலாளி, மேஜை கொள்ளுமளவு மூட்டையை ஒரே தடவையில் கொண்டுவந்து, அதில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். கணினியில் இந்த மேஜைக்குக் 'கேஷ்' என்று பெயர். 1200க்கு 1200 அணி ஒன்று ஒரு கோடியே 15 லட்சம் பைட் இடம் பிடிக்கும். மேஜையில் ஒரேயடியாகக் கொள்ளாது. அணியைத் துண்டு துண்டாக வெட்டி, மேஜை அளவுக்கு ஏற்றபடி வேலை செய்யும் நிரலை எழுதுவது தனிக் கலை. அதிலேயே ஊறிய சிலர் எழுதி வைத்திருக்கும்போது நாம் எதற்கு மறுபடி எழுத வேண்டும்?

அப்படி எழுதி வைத்த தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். 1979ல் லாசன், ஹான்சன், கின்கெய்ட், குரோ ஆகியோர் 'பிளாஸ்' என்ற பெயரில் அணிக்கணக்கின் அடிப்படை வேலைகளுக்கு ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டார்கள். எந்த வேலைக்கு என்ன பெயர், எந்த வரிசையில் எண்களைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. ரயில்வேயில் கப்ளிங்கும் பிரேக் பைப்பும் மாதிரி. எஞ்சினைச் சித்தரஞ்சனில் செய்தாலும் வாரணாசியில் செய்தாலும், அவை இரண்டும் பொருந்தினால் பெட்டி நகரும். சமன்பாடு தீர்க்கும் 'லாபேக்' 1992ல் வந்தது. அது தன் கனமான வேலையைப் பிளாஸிடம் ஒப்படைத்துவிடும். இதில் முக்கியப் பங்காற்றிய ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

ஒழுங்கு ஒன்று, எஞ்சின்கள் பல. ஜப்பானியரான கசுஷிகே கோட்டோ, கேஷையும் நினைவகத்தையும் கணக்குப் பார்த்துச் சிப்புக்கேற்ற நிரலைக் கையாலேயே எழுதினார். அதன் வழிவந்து 2011 முதல் இலவசமாகக் கிடைப்பது 'ஓப்பன்பிளாஸ்'. இன்டெல் நிறுவனத்துக்கு 'எம்.கே.எல்.', ஆப்பிளுக்கு 'ஆக்சிலரேட்'. நம் பிள்ளைகள் பயன்படுத்தும் நம்பை, ஆக்டேவ், ஆர் எல்லாம் முன்னால் நிற்கும் டிக்கெட் கவுன்டர்தான்.

பையனின் மூன்று சுழற்சியை எடுத்துவிட்டு நம்பையின் 'சால்வ்' என்ற ஒரே வரியைப் போடச் செய்தேன். நாற்பது சுமைகளையும் நாற்பது நிரல்களாகச் சேர்த்து ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னேன். பாலம் மாறவில்லையே, சுமைதானே மாறுகிறது? அணியை ஒரு முறை பகுத்தால் போதும். முக்கால் மணி நேரக் கணக்கு, தேநீர் ஆற்றும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. லேப்டாப் தவணையும் நின்றது.

கேரளப் பள்ளிகளில் 'கைட்' கொடுக்கும் லேப்டாப்பில் உபுண்டு வழிவந்த லினக்ஸ் இருக்கிறது. வீட்டிலும் அதையே வைத்திருப்பவர்கள், ஓப்பன்பிளாஸை நிறுவி 'அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்ற கட்டளையால் எஞ்சினை மாற்றலாம். ஆக்டேவ், ஆர் இரண்டும் தம் நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல் புதிய எஞ்சினில் ஓடும். நம்பையைப் 'பிப்' மூலம் நிறுவியிருந்தால் ஓப்பன்பிளாஸ் அதற்குள்ளேயே வந்துவிடும். வெளியே மாற்றினால் அதற்குத் தெரியாது. சி பிளஸ் பிளஸில் 'ஐகன்' பயன்படுத்துவோரும் வெளி பிளாஸை இணைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு போன்ற குட்டி அணிகளுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு தேங்காய் ஏற்ற கூட்ஸ் வண்டி பிடிப்பது போலாகும்.

சில இடங்களில் சறுக்கும். பிளாஸ் ஃபோர்ட்ரான் மொழியில் பிறந்தது. எண்களை நிரல் நிரலாக அடுக்கும். சி மொழி வரிசை வரிசையாக அடுக்கும். நேரடியாக அழைக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் அணி புரண்டுவிடும். பாலத்தின் அணி இருபுறமும் சமச்சீரானது, புரண்டாலும் அதே விடைதான் வரும், தவறு தெரியாது. ஆகவே சமச்சீரில்லாத ஒரு சிறு அணியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று, நான்கு கோர் உள்ள கணினியில் நிரலும் நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஓப்பன்பிளாஸ் மறுபடி நான்காகப் பிரிந்தால் பதினாறு பேர் நான்கு நாற்காலிக்கு மோதுவார்கள், வேகம் குறையும். 'ஓப்பன்பிளாஸ் நம் திரெட்ஸ்' என்ற அமைப்பை 1 என்று வைத்தால் சரியாகும்.

எஞ்சின் மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் சற்று மாறும். பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கணினி சுமார் 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். பத்தாயிரம் இலட்சம் கோடியோடு 1ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள்: 0 வரும். முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1ஐக் கூட்டினால் 1 வரும். கூட்டும் வரிசை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும், அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் நான்காம் இலக்கத்திலேயே இரண்டு எஞ்சின்களும் ஒத்துப்போகவில்லை என்றால் லைப்ரரியைத் திட்ட வேண்டாம். பாலத்தின் தாங்கி ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறோமா என்று முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.